எந்தக் கூடத்தில் நமக்கு இடம்? புதுச்சேரி ஆலைகளும் நம் பிள்ளைகளின் ஜவுளிப் படிப்பும்

பிளஸ் டூ முடிவு வந்து கல்லூரிக் கலந்தாய்வு தொடங்கும் நாட்களில் புதுச்சேரியில் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும். "ஜவுளித் தொழில்நுட்பம் எடுக்கலாமா?" என்று பிள்ளை கேட்கும். பெரியவர்கள் கடலூர் சாலைப் பக்கம் கை காட்டுவார்கள். "ஏ.எஃப்.டி.யே பூட்டிக் கிடக்கு. அதைப் படிச்சு என்ன பண்ணப் போற?" என்பார்கள். ஆலைச் சங்கு கேட்டு எழுந்து, லே-ஆஃப் சம்பளத்தில் ஆண்டுகளை ஓட்டி, கடைசியில் கதவடைப்பு அறிவிப்பைப் பார்த்த தலைமுறையின் பேச்சு அது. அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் தம்பி தங்கைகளே, அந்தப் பேச்சில் ஒன்று விடுபடுகிறது. துணித் தொழிலில் நம் மக்களுக்கு எந்தக் காலத்திலும் வேலை இல்லாமல் போனதில்லை. எந்தப் பிரிவில் வேலை, யார் சொல்லி வேலை, யார் குறித்த கூலிக்கு வேலை என்பதில்தான் சாதி உட்கார்ந்திருந்தது. ஜவுளித் தொழில்நுட்பம் படிப்பதா வேண்டாமா என்பதை இந்த வரலாற்றை வைத்துத்தான் நாம் முடிவு செய்ய வேண்டும். அதனால் புதுச்சேரியிலிருந்தே தொடங்குவோம்.

ஆலைக்கு முந்தைய நீலத்துணி

புதுச்சேரி என்றால் இன்று கடற்கரையும் மஞ்சள் சுவர்களும் நினைவுக்கு வருகின்றன. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வணிகர்களுக்கு இந்த ஊர் என்றால் நீலத்துணி. அவுரியில் முக்கிய அடர்நீலப் பருத்தித் துணி இங்கிருந்து பிரான்ஸ் வழியாக ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரைக்குப் போனது. பிரெஞ்சுக்காரர்கள் அதைக் 'கினே' என்றார்கள். அங்கே அது பணம் போலவே புழங்கியது. கினே துணியைக் கொடுத்துக் கருவேல மரத்தின் கோந்தை வாங்கினார்கள். அந்தக் கோந்து ஐரோப்பாவின் துணி அச்சுப் பட்டறைகளுக்குப் போனது. அதாவது நம் ஊர்த் துணியை விற்று, தங்கள் ஊர்த் துணிக்கு மெருகு வாங்கினார்கள்.

அவுரிச் சாயம் எளிய வேலை அல்ல. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. தொட்டியில் புளிக்க வைத்து, காற்றில்லாத நிலையில் அதைக் கரையும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அதில் முக்கி எடுத்த துணி முதலில் பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். காற்றுப் பட்ட பிறகுதான் நீலமாகும். இன்று கல்லூரியில் 'ஒடுக்கம், ஆக்சிஜனேற்றம்' என்று பாடம் நடத்துகிறார்கள். தொட்டியின் வாசனையையும் நுரையின் நிறத்தையும் வைத்தே பதம் சொன்ன உழைப்பாளிகள் அதைப் பட்டமில்லாமல் செய்தார்கள்.

இந்த அறிவில் நமக்கும் பங்கு உண்டு. நெசவு என்றதும் சில சாதிகளின் பெயரை மட்டும் சொல்லிப் பழகிவிட்டார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில், தஞ்சை, மதுரை மாவட்டங்களில் வாழ்ந்த கோலியர்கள் பறையர்களிலிருந்து வந்த நெசவாளர்கள் என்று பதிவாகியிருக்கிறது. குஜராத்தில் வண்கர் என்ற பட்டியல் சாதியின் பெயரே நெய்பவர் என்ற பொருளில் வந்தது. தறியில் உட்கார்ந்த கை நம் கையும்தான்.

வெளுப்பதும் அப்படியே. புதிரை வண்ணார் மக்களை 'தலித்துகளுக்கு வெளுக்கும் சாதி' என்று சொல்லித் தீண்டாமைக்குள்ளும் கீழே தள்ளினார்கள். அவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் பாருங்கள். உவர்மண் கரைசலில் துணியை ஊறவைத்து, வெள்ளாவியில் அடுக்கி, ஆவியில் வேகவைத்தார்கள். உவர்மண்ணில் இருப்பது காரம். காரமும் சூடும் சேர்ந்தால் துணியில் பிடித்த எண்ணெயும் அழுக்கும் கரைந்து வெளியேறும். நவீன ஆலையில் எரிசோடாவைப் போட்டு, மூடிய கொதிகலத்தில் துணியை வேகவைத்துப் பருத்தியின் மெழுகை நீக்குகிறார்களே, அதன் அடிப்படையும் இதே வேதியியல்தான். ஆலையில் செய்பவருக்குப் 'பிராசஸிங் மேனேஜர்' என்று பெயர். வெள்ளாவியில் செய்தவருக்குக் கிடைத்தது இழிவு. அறிவு ஒன்றே. யார் கையில் இருந்தது என்பதைப் பார்த்து அதற்கு மதிப்புப் போட்டார்கள்.

மூன்று ஆலைகள்

1820களின் இறுதியில் புதுச்சேரிக்கு இயந்திர நூற்பும் நெசவும் வந்தன. சவானா ஆலை அப்போது எழுந்தது. இந்தியாவின் மிகப் பழைய பஞ்சாலைகளில் அதுவும் ஒன்று. 1892இல் கெப்ளே ஆலை, 1898இல் ரோடியர் ஆலை. சவானா பின்னாளில் சுதேசி மில் ஆனது. கெப்ளே பாரதி மில் ஆனது. ரோடியர் மில்தான் ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், நம் வாயில் ஏ.எஃப்.டி.

சமத்துவம் பேசிய புரட்சியின் வாரிசுகள் இங்கே ஆண்டார்கள் என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. 1819 ஜனவரி 6 தேதியிட்ட ஆணையில் அந்த ஆட்சி என்ன உறுதி கொடுத்தது? இந்தியர்களை அவரவர் சாதி வழக்கப்படியே நீதிமன்றங்கள் நடத்தும் என்று உறுதி கொடுத்தது. பாரீசில் மனிதன் குடிமகன் ஆனான். புதுச்சேரியில் சேரிக்காரன் சேரிக்காரனாகவே இருந்தான்.

அந்தச் சமூகத்தின் நடுவில்தான் ஆலை வந்தது. இயந்திரமும் அதை இயக்கும் நுட்பமும் ஐரோப்பாவிலிருந்து வந்தன. உழைக்கும் கைகளைச் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களும் சேரிகளும் கொடுத்தன. மூளை ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்ற பிரிவு ஆலையின் முதல் நாளிலேயே போடப்பட்டது.

ஆலைக்குள் போகாதவர்களுக்காகப் பஞ்சின் பாதையைச் சொல்லிவிடுவோம். பொதியைப் பிரித்து உதறும் புளோ ரூம், பஞ்சைச் சீவும் கார்டிங், இழையை நீட்டிச் சீராக்கும் டிராயிங், முறுக்கேற்றி நூலாக்கும் ரிங் பிரேம், நூலைச் சுற்றும் வைண்டிங், பாவு ஓட்டும் வார்ப்பிங், பாவுக்குக் கஞ்சி போடும் சைசிங், பிறகு தறிக்கூடம், அதன்பின் வெளுப்பும் சாயமும். பஞ்சுத் தூசி அதிகம் பறப்பது முதல் கூடங்களில். நுரையீரலை அடைக்கும் பஞ்சுநோய் அங்கேதான் பிடிக்கும். துணி நெய்யும் கூடத்தில் பீஸ் கணக்கில் கூலி. கைத்திறனுக்கு மதிப்பும் உண்டு. ஒரே ஆலைக்குள் ஒரு கூடத்துக்கும் அடுத்த கூடத்துக்கும் நடுவே கூலியிலும் உடல்நலத்திலும் மரியாதையிலும் இத்தனை வேறுபாடு. அந்த வேறுபாட்டுக்கு இடையே சாதி எப்படிச் சுவர் எழுப்பியது என்பதற்கு மிகத் தெளிவான பதிவு பம்பாயில் கிடைக்கிறது.

பம்பாய்த் தறிக்கூடத்தின் கதவு

பம்பாய் ஆலைகளில் ஆயிரக்கணக்கான தலித் தொழிலாளர்கள் இருந்தார்கள். நூற்புப் பிரிவில் அவர்களுக்கு இடம் இருந்தது. கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் இல்லை. காரணமாக என்ன சொன்னார்கள்? அந்தக் காலத்து நாடாவில் ஊடைத் தார் தீர்ந்ததும் புதுத் தாரைப் பொருத்தி, நூல் முனையை நாடாவின் துளையில் வாய் வைத்து உறிஞ்சி வெளியே இழுக்க வேண்டும். ஒருவர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவரும் வாய் வைக்க நேரும். தீண்டத்தகாதவரின் எச்சில் பட்ட நூலைத் தொட மாட்டோம் என்றார்கள் சாதி இந்து நெசவாளர்கள். நம் மக்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தறி ஓட்டியவர்கள். நகரத்து ஆலையில் தறியருகே போக முடியவில்லை.

1928இல் பம்பாய் ஆலைகளில் மாபெரும் பொது வேலைநிறுத்தம் நடந்தது. சுமார் ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வெளியே நின்றார்கள். கோரிக்கைப் பட்டியல் நீளமாக இருந்தது. தறிக்கூடத்தின் கதவு அதில் இல்லை. அண்ணல் அம்பேத்கர்தான் அதை எழுப்பினார். தீண்டத்தகாத தொழிலாளர்களுக்கு நெசவுப் பிரிவில் வேலை செய்யும் உரிமையைக் கோரிக்கையில் சேருங்கள், இல்லையென்றால் நம் மக்கள் இந்த வேலைநிறுத்தத்தில் நிற்க வேண்டிய தேவை என்ன என்று தொழிற்சங்கத் தலைவர்களைக் கேட்டார். அவர்கள் மனமில்லாமல்தான் ஒத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு சைமன் குழுவின் முன்பும் அவர் இந்தச் செய்தியைச் சாட்சியமாக வைத்தார்.

துணிநுட்பம் படிக்கப்போகும் மாணவர்கள் இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். வாய் வைத்து உறிஞ்சும் நாடா மாற்ற முடியாத இயற்கை விதி ஒன்றுமில்லை. நோய் பரப்புகிறது என்று சொல்லி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911இலேயே அதைத் தடை செய்தது. கையால் நூல் கோக்கும் நாடா அப்போதே இருந்தது. தானே தார் மாற்றும் நார்த்ரப் தறி 1890களிலேயே வந்துவிட்டது. இங்கிலாந்து 1952இல்தான் விதி போட்டது. ஆக, எச்சில் பிரச்சினைக்கு ஒரு மாற்று நாடா வாங்கியிருந்தால் போதும். பம்பாய் முதலாளி அந்தச் செலவைச் செய்யவில்லை. சக தொழிலாளி கேட்கவும் இல்லை. சாதிக்கு ஒரு சாக்குத் தேவைப்பட்டது. நாடா அந்தச் சாக்காக ஆனது. இயந்திரம் தெரிந்த ஒருவர் நம் பக்கம் இருந்திருந்தால் அந்தச் சாக்கை அன்றே உடைத்திருப்பார். நாம் நுட்பம் கற்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

சென்னையில் உடைந்ததும் புதுச்சேரியில் இணைந்ததும்

தமிழ் மண்ணுக்கு வருவோம். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களே அதன் முதுகெலும்பு. 1921இல் அங்கே நடந்த நீண்ட வேலைநிறுத்தம் சாதிக் கோட்டில் உடைந்தது. கையில் காசில்லாத, ஊரில் கடன் கொடுக்கவும் ஆளில்லாத ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். எம்.சி. ராஜா அவர்களுக்காகப் பேசினார். புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிக்கப்பட்டன. நிர்வாகமும் அரசும் அந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டன. நம் மக்களைக் 'கருங்காலி' என்று மட்டும் எழுதிவிட்டுப் போன வரலாற்றாசிரியர்களுக்கு நம் கேள்வி எளிமையானது. சங்கம் அவர்கள் அடுப்பைப் பற்றிக் கவலைப்பட்டதா? அன்றாட வாழ்வில் தொடக்கூடாதவர் என்று ஒதுக்கிவிட்டு, போராட்ட நாளில் மட்டும் தோழரே என்று அழைத்தால் அந்த ஒற்றுமை எத்தனை நாள் நிற்கும்?

புதுச்சேரியில் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு வேறு விதமாக நடந்தது. வ. சுப்பையா பொதுவாழ்வின் தொடக்கத்தில் அரிசன சேவையில் ஈடுபட்டவர். 1934 பிப்ரவரியில் காந்தி புதுச்சேரி வந்தபோது ஏற்பாடுகளில் முன்னின்றார். அதே ஆண்டு 'சுதந்திரம்' இதழைத் தொடங்கினார். 'அரிசன்' என்ற சொல்லை நாம் ஏற்பதில்லை. அந்த அரசியலின் எல்லைகளையும் அறிவோம். இருந்தாலும் சேரிக்குள் நடந்துவிட்டு ஆலை வாசலுக்கு வந்த ஒருவர் சங்கம் கட்டினார் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. 1935இல் சவானா ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. 1936இல் மூன்று ஆலைகளிலும் கிளர்ச்சி பரவியது. ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் நாம் செலுத்தும் வீரவணக்கம் அவர்களுக்குத்தான். அவர்கள் சிந்திய ரத்தத்தின் விலையாக 1937 ஏப்ரல் 6 ஆணை வந்தது. எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் பிரெஞ்சிந்தியாவில் சட்டமாயின.

பிரிட்டிஷ் இந்தியாவில் வாரத்துக்கு 54 மணி நேரம் என்பது 48 ஆகக் குறைய 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர். புதுச்சேரித் தொழிலாளியும் பாபாசாகேபும் வேறுவேறு பாதையில் ஒரே இடத்துக்கு வந்தார்கள்.

நேரத்தை வென்றோம். ஆனால் நேரம் குறைந்தால் மட்டும் கூடம் மாறாது. எட்டு மணி நேரமும் தூசிக் கூடத்திலேயே நிற்பவருக்கு அடுத்த கூடத்தின் கதவைத் திறப்பது எது? அதற்கான விடையையும் பாபாசாகேப் எழுதியே வைத்தார்.

1942இல் அவர் கேட்டது

1942 அக்டோபரில் வைஸ்ராய் லின்லித்கோவிடம் அம்பேத்கர் ஒரு மனு கொடுத்தார். பட்டியல் சாதிகளின் குறைகளை வரிசையாக அடுக்கிய மனு அது. அதில் கல்வி பற்றிய பகுதியை நம் மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் நம் மக்களுக்குப் பெரிதாகக் கைகொடுக்காது, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி வேண்டும் என்று அதில் வாதிட்டார். இந்தியாவிலும் வெளிநாட்டிலும் அதைப் படிக்க அரசு உதவித்தொகை தர வேண்டும் என்றார். அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் பிள்ளைகளுக்குத் தொழில்பழகுநர் இடம் வேண்டும் என்றார். வழக்கறிஞராக இருந்த ஒருவரே சட்டப் படிப்பு மட்டும் போதாது என்று எழுதுகிறார் என்றால், அவர் கண் எங்கே இருந்தது என்று யோசியுங்கள். அவர் 1928இல் தறிக்கூடத்தின் மூடிய கதவைப் பார்த்தவர்.

1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை தொடங்கியது. இன்று நீங்கள் இணையத்தில் விண்ணப்பிக்கும் அதே உதவித்தொகைதான். யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த காசு என்று யாராவது சொன்னால் அந்த மனுவை நினைவுபடுத்துங்கள்.

பூட்டிய கதவுக்குப் பின்னால் போனது

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது. 1962இல் சட்டப்படியும் இணைந்தது. 1964 மார்ச் 5 அன்று புதுச்சேரிக்கான பட்டியல் சாதிகள் ஆணை வந்தது. இன்றும் சாதிச் சான்றிதழ் வாங்கும்போது கேட்கப்படும் குடியிருப்புத் தேதி அங்கிருந்துதான் வருகிறது.

தனியார் முதலாளிகள் கைவிட்ட நிலையில் 1986இல் ஏ.எஃப்.டி. புதுச்சேரி அரசின் ஜவுளிக் கழகத்தின் கீழ் வந்தது. சுதேசி, பாரதி ஆலைகள் மத்திய அரசின் தேசிய ஜவுளிக் கழகத்திடம் இருந்து, 2005இல் புதுச்சேரி அரசிடம் வந்தன. ஆலை அரசுடையது ஆனதும் பணியிடங்களில் இடஒதுக்கீடு என்ற பேச்சுக்கு இடம் கிடைத்தது. தனியார் ஆலையில் அந்தப் பேச்சுக்கே வழியில்லை. அதனால்தான் பொதுத்துறையைக் காப்பது சமூகநீதிப் போராட்டத்தின் ஒரு பகுதி என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது. ஏ.எஃப்.டி.யின் கூரைகளையும் இயந்திரங்களையும் அது சிதைத்தது. சிதைந்ததைச் சீர்செய்து ஆலையை முழுமையாக ஓட்டும் முதலீடு வரவில்லை. 2020இல் மூன்று ஆலைகளுக்கும் மூடல் அறிவிப்பு வந்தது. நூற்றாண்டுக் கால உழைப்புக்கு முடிவு ஒரு காகிதத்தில் வந்தது. கூலி வேலை போனது எல்லோருக்கும் தெரிந்தது. இடஒதுக்கீட்டில் ஒரு பொறியாளராகவோ தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாகவோ நம் பிள்ளை நுழைந்திருக்கக்கூடிய வாசலும் அதோடு போனது. இந்த இழப்பை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

தொழில் எங்கே போனது?

புதுச்சேரியில் ஆலை மூடியது. துணித் தொழில் மூடவில்லை. அது திருப்பூர், கோவை, ஈரோடு, திண்டுக்கல் பக்கம் பெருகிக் கிடக்கிறது. உலகத்தின் பெரிய கடைகளில் தொங்கும் பனியன்கள் அங்கிருந்து போகின்றன. அங்கே நம் பெண்கள் எந்தக் கூடத்தில் இருக்கிறார்கள்?

நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று ஓடியது. பதின்ம வயதுப் பெண்களை மூன்று ஆண்டு விடுதியில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். பாதியில் உடல் நொந்து வெளியேறியவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அந்த விடுதிகளில் இருந்தவர்களில் பெரும்பங்கு தலித் பெண்களும் ஏழை வீட்டுப் பெண்களும். 2011 வாக்கில் ஐரோப்பாவில் வெளியான ஆய்வறிக்கைகளால் இது உலகச் செய்தி ஆனது.

2021 தொடக்கத்தில் திண்டுக்கல் பகுதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். மேற்பார்வையாளர் ஒருவர்மேல் வழக்கு வந்தது. அதற்குப் பிறகு தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலியல் வன்முறையையும் சாதிப் பாகுபாட்டையும் சேர்த்தே தடுக்கும் பொறுப்பை உற்பத்தி நிறுவனமும் வெளிநாட்டு வணிகப் பெயர்களும் ஏற்ற ஒப்பந்தம் அது. தொழிற்சங்க வரலாற்றில் இதைச் சாதித்தவர்கள் நம் தங்கைகள்.

அந்த ஆலைகளில் திட்டும் மிரட்டலும் எங்கிருந்து தொடங்குகின்றன என்று கேட்டால் 'டார்கெட்' என்ற சொல்தான் பதிலாக வரும். இந்தச் சொல்லின் பின்னால் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு தையலைச் செய்து முடிக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று நிறுத்துக் கடிகாரத்தால் அளந்து, ஓய்வுக்கும் சோர்வுக்கும் கொஞ்சம் சேர்த்து, 'எஸ்.ஏ.எம்.' என்று ஒரு நிமிடக் கணக்குப் போடுவார்கள். ஒரு பக்கத் தையலுக்கு 0.5 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் என்றால் 480 நிமிடம். அப்படியானால் 960 பீஸ். அதையே 0.4 நிமிடம் என்று எழுதிவிட்டால் 1,200 பீஸ். தாளில் குறைத்தது ஆறே நொடி. கூடுதல் 240 பீஸ். பழைய கணக்கில் அது இரண்டு மணி நேர உழைப்பு. பத்து மணி நேர வேலையை எட்டு மணி நேரத்துக்குள் திணித்தாயிற்று. புதுச்சேரியில் 12 பேர் உயிர் கொடுத்துப் பெற்ற நேரத்தை ஒரு தசமப் புள்ளி திருப்பி எடுத்துக்கொள்கிறது. சட்டம் மீறப்பட்டதாகத் தாளில் எங்கும் இருக்காது.

அந்தப் புள்ளியை எழுதும் நாற்காலியின் பெயர் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர். ஜவுளி அல்லது ஆடைத் தொழில்நுட்பம் படித்தவர் அங்கே உட்காருகிறார். ஓய்வுக்கு எவ்வளவு சேர்ப்பது, எந்தத் தையல்காரரை வைத்து அளப்பது என்பதை அவர் முடிவு செய்கிறார். அளக்கத் தெரிந்த ஒருவர் சங்கத்தின் பக்கம் இருந்தால் அந்தக் கணக்கைக் கேள்வி கேட்கவும் முடியும். இன்றைய தறிக்கூடத்தின் கதவு இதுதான்.

அப்படியானால் எதைப் படிப்பது?

சாயமும் பதனிடலும் பற்றிய படிப்பு ஒன்று. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன்பிறகு கழிவுநீரை முழுதும் மீட்கும் நுட்பம் தெரிந்தவர்கள் தொழிலுக்குத் தேவையானார்கள். நமக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. கழிவுத் தொட்டிக்குள் மனிதரை இறக்கும்போது எந்தத் தெருவிலிருந்து ஆள் வருகிறது என்று நமக்குத் தெரியும். அடைத்த தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு சேரும், இரண்டு மூச்சில் ஆளைச் சாய்க்கும் என்று அறிந்து, "யாரும் இறங்கக் கூடாது" என்று கையெழுத்துப் போடும் அதிகாரி நம்மில் ஒருவராக இருக்கட்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் காகிதத்திலிருந்து இறங்கி வர அப்படிப்பட்ட கையெழுத்துகள் வேண்டும்.

நூற்பும் தரக்கட்டுப்பாடும் இன்னொன்று. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை என்பதே நூலின் கவுண்ட். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் நாற்பது சிட்டம். இந்த ஒரு எண்ணில் பஞ்சின் விலை, இயந்திரத்தின் வேகம், தொழிலாளியின் கூலி எல்லாம் அடங்கியிருக்கின்றன. ஆடை வடிவமைப்பும் பேட்டர்ன் வேலையும் அடுத்தது. வெளிநாட்டு வாங்குவோரிடம் விலை பேசும் மெர்ச்சண்டைசர் வேலை நான்காவது. பீஸுக்கு எத்தனை ரூபாய் என்று மேசையில் பேசி முடிப்பவர் அவர். அந்த ரூபாயில்தான் தையல்காரரின் கூலி ஒளிந்திருக்கிறது.

இதற்கான பெரிய கல்விக்கூடங்கள் சென்னையிலும் கோவையிலும் சேலத்திலும் திருப்பூரிலும் இருக்கின்றன. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, நிஃப்ட், கோவையில் பி.எஸ்.ஜி., சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவற்றின் பாடத்திட்டங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பட்டம் மட்டும்தான் வழி என்று நினைக்காதீர்கள். டிப்ளமோ முடித்து வேலைக்குப் போய்ப் பிறகு பட்டம் சேர்பவர்களும் உண்டு. சாதிச் சான்றிதழையும் இருப்பிடச் சான்றிதழையும் கலந்தாய்வுக்கு முன்பே வாங்கி வையுங்கள். உதவித்தொகைக்கான தேதியைத் தவற விடாதீர்கள். அரசு சார்ந்த நிறுவனங்களில் நம் இடம் நிரம்பாமல் போனால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கேட்பதற்கு எங்களைப் போன்றவர்கள் துணை நிற்போம்.

படிப்பு மட்டும் சாதியை ஒழித்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை. சிபாரிசும் சொந்தபந்தமும் வேலை வாங்கித் தரும் தொழில் இது. நேர்முகத் தேர்வில் ஊர் எது, அப்பா என்ன செய்கிறார் என்று சுற்றி வளைத்துச் சாதி கேட்பார்கள். தனியார் துறை இடஒதுக்கீட்டுக்கான போராட்டத்தை நாம் தொடர்ந்தாக வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் வரும் நாளில் "தகுதியான ஆள் இல்லை" என்ற பழைய பல்லவியை அவர்கள் பாட இடம் தரக்கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாளை நிறுத்துக் கடிகாரம் உங்கள் கைக்கு வரும். உங்களுக்கு எதிரே தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பவள் உங்கள் அக்காவின் வயதில் இருப்பாள், உங்கள் தெருவைப் போன்ற ஒரு தெருவிலிருந்து வந்திருப்பாள். கணக்கைக் குறைத்து எழுதச் சொல்லி மேலிருந்து அழுத்தம் வரும். அந்த நேரத்தில் அந்த ஆறு நொடியை விட்டுக்கொடுக்காமல் நிற்பதற்குப் பெயர்தான் கற்பி, ஒன்றுசேர், கிளர்ச்சி செய்.

ஜெய் பீம்!